ஏரி சுருங்கியதா, கணக்கு சுருங்கியதா? செயற்கைக்கோள் படங்களில் ஈரநிலம் பார்ப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையோ, மரக்காணம் பக்கத்துக் கழுவேலியையோ, உங்கள் ஊர் ஏரியையோ செயற்கைக்கோள் படங்களில் பல ஆண்டுத் தொடராகப் பார்க்கிறீர்கள். கூகுள் எர்த் எஞ்சினில் (செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே வைத்துக் கணக்கிட உதவும் தளம்) கோட் ஓடுகிறது, கிராஃபும் வருகிறது. ஆனால் அது காட்டுவதை நம்ப முடியவில்லை. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. உங்கள் கிராஃபில் தெரியும் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

அதற்கு முன் எல்லோரும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கிராஃபில் திடீர் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால் அதன் தேதியை இந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். (லேண்ட்சாட் அமெரிக்காவின், சென்டினல் ஐரோப்பாவின் செயற்கைக்கோள் வரிசைகள். சென்டினல் 1 ரேடார், லேண்ட்சாட்டும் சென்டினல் 2-உம் சூரிய ஒளியில் படமெடுப்பவை.) 2003 மே 31: லேண்ட்சாட் 7-இன் வரி திருத்தும் கருவி பழுதானது. 2011 நவம்பர்: லேண்ட்சாட் 5 வழக்கமான படமெடுப்பை நிறுத்தியது. 2013 பிப்ரவரி: லேண்ட்சாட் 8 ஏவப்பட்டது. 2015 ஜூன்: சென்டினல் 2ஏ. 2017 மார்ச்: சென்டினல் 2பி. 2021 டிசம்பர் 23: சென்டினல் 1பி பழுது. 2022 ஜனவரி 25: சென்டினல் 2 படங்களின் எண்முறை மாற்றம். உங்கள் ‘மாற்றம்’ இவற்றில் ஒன்றின் பக்கத்தில் விழுந்தால் ஏரியை விட்டுவிட்டு கருவியைச் சந்தேகியுங்கள்.

2022 தொடக்கத்தில் நீர் மறைந்தது, பிறகு வரவே இல்லை

2021 நவம்பரில் சென்னையில் மழை வெளுத்து வாங்கியது. அடுத்த பிப்ரவரியில் பள்ளிக்கரணை ததும்பியிருக்க வேண்டும். உங்கள் கிராஃபோ பாலைவனம் என்கிறது. இது ஏறக்குறைய எப்போதும் ஒரே பிழைதான்.

2022 ஜனவரி 25 முதல் வந்த சென்டினல் 2 படங்களில் ஒவ்வொரு பிக்சல் (படத்தின் ஒரு சிறு கட்டம்) எண்ணோடும் 1000 கூட்டித் தரப்படுகிறது. மிக இருண்ட பரப்புகளில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நீர் இருண்ட பரப்பு என்பதால் அடி விழுவது நமக்குத்தான். கணக்கைப் பாருங்கள். தெளிந்த நீரில் பச்சைப் பேண்டு (பச்சை ஒளியில் மட்டும் எடுத்த அடுக்கு) 600, அண்மை அகச்சிவப்பு 200 என்று வைத்துக்கொள்வோம். என்டிடபிள்யூஐ என்ற நீர்க் குறியீடு இந்த இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டலால் வகுப்பது. 400-ஐ 800-ஆல் வகுத்தால் 0.5. இப்போது இரண்டிலும் 1000 சேர்ந்து 1600, 1200 ஆகிறது. வேறுபாடு அதே 400, கூட்டல் 2800, விடை 0.14. நீங்கள் 0.2-க்கு மேல் நீர் என்று வரம்பு வைத்திருந்தால் ஒரே நாளில் மொத்த ஏரியும் காலி.

எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று பெயரில் வரும் சென்டினல் 2 தொகுப்புக்கு மாறினால் தீர்ந்தது. கோப்பர்னிக்கஸ் என்ற ஐரோப்பியத் தளத்திலிருந்து நேரடியாக இறக்கியிருந்தால் 1000-ஐ நீங்களே கழிக்கவேண்டும். ஆனால் தேதியை வைத்துக் கழிக்காதீர்கள். பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து வெளியிட்டிருக்கிறார்கள், ஆகவே 2019 படத்திலும் அந்த 1000 இருக்கலாம். படத்தோடு வரும் விவரக் கோப்பில் பிராசஸிங் பேஸ்லைன் (தயாரிப்பு முறையின் பதிப்பு) எண்ணைப் பாருங்கள். 04.00 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள்.

இதே காலகட்டத்தில் இன்னொரு கண்ணி. கியூஏ60 என்ற மேகப் பேண்டு 2022 ஜனவரி 25-க்குப் பிறகு 2024 பிப்ரவரி வரை நிரப்பப்படவில்லை. அதை மட்டும் நம்பி மேகம் நீக்குகிறவர்களுக்கு அந்த இரண்டு வருடமும் தொல்லைதான்: கோட் எழுதியிருக்கும் விதத்தைப் பொறுத்து மேகம் அப்படியே உள்ளே வரும், அல்லது படமே காணாமல் போகும். கிளவுட் ஸ்கோர் பிளஸ் என்ற மேக மதிப்பீட்டுத் தொகுப்புக்கு மாறிவிடுங்கள்.

2012-இல் ஏரி இளைத்தது, 2013-இல் பெருத்தது

இரண்டு கோளாறுகள் அடுத்தடுத்து வந்து ஒன்றாகத் தோன்றுகின்றன.

முதலாவது, 2011 நவம்பருக்கும் லேண்ட்சாட் 8 வரும்வரைக்கும் இடையில் கையில் இருப்பது லேண்ட்சாட் 7 மட்டுமே. அதன் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கோடு கோடாக வெற்றிடம். வெற்றிடத்தை ‘நீரில்லை’ என்று எண்ணினால் ஏரி இளைக்கத்தான் செய்யும். நீர்ப்பரப்பைத் தனியாகச் சொல்லாமல், ‘பார்க்க முடிந்த பரப்பில் எத்தனை சதவீதம் நீர்’ என்று சொல்லுங்கள். பார்க்க முடிந்த பரப்பு ஏரியின் முக்கால்வாசிக்குக் குறைந்தால் அந்தத் தேதியைத் தூக்கிவிடுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நயவஞ்சகமானது. லேண்ட்சாட் 8-இல் பச்சை பி3, அண்மை அகச்சிவப்பு பி5. லேண்ட்சாட் 5-இல் அதே பி3 சிவப்பு, பி5 குறுஅலை அகச்சிவப்பு. லேண்ட்சாட் 8-க்கு எழுதிய என்டிடபிள்யூஐ வரியை 1990 படத்தின் மேல் ஓடவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. சிவப்பிலிருந்து குறுஅலையைக் கழித்து அமைதியாக ஒரு விடை தரும். கலங்கிய நீரில் அந்த விடை பார்க்க நன்றாகவே கூட இருக்கும். பிடிபடாமல் போவதே அதனால்தான். பேண்டுகளுக்கு எண்ணை விட்டுவிட்டு பச்சை, சிவப்பு என்று பெயர் சூட்டிவிட்டு, பிறகுதான் எல்லாத் தொகுப்புகளையும் சேர்க்கவேண்டும்.

லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 என்ற இப்போதைய தொகுப்பிலும் எண் மாற்றம் உண்டு: பிக்சல் எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு. ‘விகிதம்தானே, பெருக்கல் அடிபட்டுவிடும்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெருக்கல் அடிபடும், கழித்தல் அடிபடாது. பச்சை 0.06, அகச்சிவப்பு 0.02 உள்ள நீருக்குக் கிடைக்கவேண்டிய 0.5, திருத்தாவிட்டால் 0.083.

மழைக்காலத்தில் ஏரி வறண்டே தெரிகிறது

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஈரநிலம் பார்ப்பவருக்கு நிரந்தரத் தலைவலி இதுதான். நமக்குப் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏரி நிறையும் வாரத்தில் வானம் மூடிக்கிடக்கும். மேகம் விலகிய நாள் என்பது பெரும்பாலும் மழை விட்டுப்போன இடைவெளி. ஆக, மூன்று மாதப் படங்களை மீடியன் (நடு மதிப்பு) எடுத்தால் வறண்ட நாட்களின் மீடியன்தான் கிடைக்கும்.

ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் லேண்ட்சாட்டிலிருந்து தயாரித்த உலக மேற்பரப்பு நீர் வரைபடத்தைப் பலர் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல தரவு, 1984 முதல் இருக்கிறது. ஆனால் அதன் மாதவாரி அடுக்கில் 0 என்றால் ‘பார்க்கவில்லை’, 1 என்றால் ‘நீரில்லை’, 2 என்றால் ‘நீர்’. 0-வையும் 1-ஐயும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் பள்ளிக்கரணை வற்றிவிடும். எத்தனை மாதம் 0 என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நவம்பர் வரிசையில் பாதிக்கு மேல் 0 இருப்பதைப் பார்த்தால், அந்த மாதத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நல்லது என்று புரியும்.

என் பரிந்துரை: ஒளிப்படத்தை (சூரிய ஒளியில் எடுக்கும் லேண்ட்சாட், சென்டினல் 2 படங்களை) வைத்து மழைக்காலத்தைத் துரத்தாதீர்கள். தை, மாசியைப் பிடியுங்கள். வானம் தெளிந்திருக்கும், ஏரியில் நீர் இன்னும் நிற்கும். அதோடு ஆனி, ஆடி. சதுப்பில் கோடையைத் தாண்டி எது நிற்கிறது என்பது அப்போது தெரியும். வருடத்துக்கு இந்த இரண்டு படம் போதும், நீண்ட காலத் தொடருக்கு. வெள்ளம்தான் உங்கள் கேள்வி என்றால் ரேடாருக்குப் போகவேண்டும்.

மேகமறைப்பே ஏரியைத் தின்றுவிடுவதும் உண்டு. சென்டினல் 2-உடன் வரும் நிலவகைப் பேண்டு ஆழமான கருநீரை மேக நிழல் என்றும், மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களின் வெண்மையை மேகம் என்றும் குறிக்கும். வருடம் முழுக்க ஒரே பிக்சல்கள் ‘மேகம்’ என்று விலகிக்கொண்டே இருந்தால் அது மேகமல்ல, பாத்தி. ஒவ்வொரு பிக்சலும் எத்தனை முறை மறைக்கப்பட்டது என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். உப்பளப் பாத்திகளின் வரப்பு வரை தெளிவாக விழும்.

ரேடாரில் இல்லாத நீர் இருக்கிறது, இருக்கும் நீர் இல்லை

சென்டினல் 1 மேகத்தை ஊடுருவும், இரவிலும் பார்க்கும். அசையாத நீர் கண்ணாடி போல அலையை அந்தப் பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். இந்த ஒரே விதியை நம்பி ‘விவி −16 டெசிபலுக்குக் கீழே என்றால் நீர்’ என்று எங்கோ படித்த வரம்பை (விவி, விஹெச் என்பவை ரேடார் அலையை அனுப்பிப் பெறும் இரண்டு விதங்கள்) வைத்தால் நான்கு விதமாக அடிபடலாம்.

காற்றடிக்கும் நாளில் நீர் சிற்றலை எழுந்து வெளுத்துவிடும். பழவேற்காடு போன்ற திறந்த காயலில் இது சாதாரணம். வேறு தேதிகளில் நீராகவே இருந்த நடுப்பகுதி ஒரு நாள் மட்டும் காணாமல் போனால் காற்றைப் பாருங்கள். ஈரா5 என்ற ஐரோப்பியக் காலநிலைத் தரவில் அந்த நேரத்துக் காற்றின் வேகம் கிடைக்கும். விவியைவிட விஹெச் காற்றுக்குக் கொஞ்சம் குறைவாக அசையும்.

காய்ந்து வழுவழுப்பான மணலும் சேற்றுப் படுகையும் கறுப்பாகவே விழும். கடற்கரையோரம் கோடையில் ‘நீர்’ கூடினால் அதுதான் காரணம். அதே வாரத்து ஒளிப்படம் கோடையில் எளிதாகக் கிடைக்கும், ஒப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குள் நிற்கும் சம்பு, கோரை நேர்மாறு. அலை நீரில் பட்டு, தண்டில் பட்டு, இரண்டு முறை துள்ளித் திரும்புவதால் நீர் ஏற ஏற படம் வெளுக்கும். வெள்ளத்தின்போது நீர்ப்பரப்பு ‘குறைந்தது’ என்று காட்டினால், கறுப்பானவற்றைத் தேடுவதோடு நிற்காமல் வழக்கத்தைவிட வெளுத்தவற்றையும் குறியுங்கள்.

நான்காவது, சுற்றுப்பாதை. ஏறுமுகப் படமும் இறங்குமுகப் படமும், வெவ்வேறு சுற்றுப்பாதை எண்களும் வெவ்வேறு கோணத்தில் பார்த்தவை. கலந்தால் கிராஃப் ரம்பப் பல் போல ஆடும். ஒரே சுற்றுப்பாதை எண்ணுக்கு வடிகட்டிவிட்டால் பாதி ஆட்டம் அடங்கும்.

களத்தில் முழங்கால் ஆழம் நீர், வரைபடத்தில் நிலம்

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பது என் கருத்து. ஏனென்றால் இங்கே கோட் சரியாகத்தான் இருக்கிறது, கேட்ட கேள்வி தவறு. நீர்க் குறியீடுகள் காட்டுவது வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் நீரை. ஈரநிலத்தின் பாதி அப்படித் திறந்திருக்காது. ஆகாயத்தாமரை மூடிய ஏரி செயற்கைக்கோளுக்கு நெல்வயல் மாதிரிதான். சம்பு வளர்ந்த சதுப்பும் அப்படியே.

பள்ளிக்கரணையில் இது வெறும் நுணுக்கப் பிரச்சினை அல்ல. 2022-இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதில் திறந்த நீர், நாணல், சேறு, புல் எல்லாம் அடக்கம். ‘நீர்ப்பரப்பு இவ்வளவுதான், மீதி நிலம்’ என்று ஒரு வரைபடம் சொன்னால், அந்த மீதியைக் கேட்க ஆள் வந்துவிடுவார்கள். ஆகவே நீர், நிலம் என்ற இரண்டு வகையை விட்டுவிட்டு குறைந்தது மூன்று வகையாவது வையுங்கள்: திறந்த நீர், நீர்மேல் தாவரம், காய்ந்த தரை.

நடுவில் உள்ளதை எப்படிப் பிடிப்பது? ஒரே படத்தில் முடியாது. காலத்தொடரில் முடியும். சித்திரை, வைகாசியில் சுற்றுப்புறம் முழுக்கக் காய்ந்து பழுத்திருக்கையில் என்டிவிஐ (பசுமைக் குறியீடு) உயரமாக நிற்கும் இடத்துக்கு அடியில் நீரோ ஈரமோ இருக்கிறது. விதிவிலக்கு சீமைக் கருவேல். அதன் வேர் ஆழம், கோடையிலும் பச்சை, கரையோரம் முழுக்க நிற்கும். அதைப் பிரிக்க குறுஅலை அகச்சிவப்பு உதவும். தண்ணீர் மேல் நிற்கும் தாவரத்தில் அந்தப் பேண்டு நன்றாக இருளும், மேட்டுக் கருவேலில் அவ்வளவு இருளாது. ஒரு வருடத்து விஹெச் ரேடார் தொடரையும் பாருங்கள். மழை வந்ததும் சதுப்பில் அசைவு தெரியும், கருவேல் காட்டில் பெரிதாகத் தெரியாது.

ஆகாயத்தாமரையையும் சம்பையும் பிரிப்பது இன்னும் எளிது. ஐந்து நாள் இடைவெளியில் வந்த இரண்டு சென்டினல் 2 படங்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். காற்றுக்கு இடம் மாறியிருந்தால் ஆகாயத்தாமரை. வேரூன்றிய சம்பு அசையாது. கரையிலிருந்து கரைக்கு முழுசாக மூடிய ஏரியில் மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது. நகர இடமிருக்காதே.

கூகுளின் டைனமிக் வேர்ல்ட் என்ற நிலவகை வரைபடத்தில் ‘நீர் சூழ்ந்த தாவரம்’ என்றே ஒரு வகை இருக்கிறது. முதல் பார்வைக்குப் பயன்படுத்தலாம். நெல் நடவு வயலும் அதில் அவ்வப்போது விழும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் குட்டைகள்

அடுக்குமாடிகளின் நிழல். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்ந்திருப்பதால் நிழல் நீளும், குட்டையும் நீளும். ஜூனில் அதே ‘குட்டை’ சுருங்கினால் சந்தேகமே வேண்டாம். புதுத் தார்ச்சாலையும் நீல நிறத் தகரக் கூரையும் அதே வேலையைச் செய்யும். ராம்சர் எல்லையைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு வைத்து அதற்குள் மட்டும் கணக்கெடுத்தால் பெரும்பகுதி ஒழியும். எல்லைக்குள்ளேயே கட்டடம் வந்திருந்தால் அது வேறு பிரச்சினை.

ஒரே கோட், ஒவ்வொரு முறையும் வேறு ஹெக்டேர்

பெரிதாக்கிப் பார்க்கையில் ஒரு பரப்பு, சிறிதாக்கினால் வேறொன்று. அல்லது நண்பர் ஓட்டினால் வேறு விடை. ‘ஸ்கேல்’ (ஒரு பிக்சலுக்கு எத்தனை மீட்டர்) கொடுக்க மறந்திருப்பீர்கள். எர்த் எஞ்சினில் பல படங்களை மீடியன் எடுத்துச் சேர்த்த கணமே அந்தப் படம் தன் பழைய 10 மீட்டர் அளவை இழந்து, ஒரு பாகை ஒரு பிக்சல் என்ற நிலைக்குப் போய்விடும். ஒரு பாகை என்பது சுமார் 110 கிலோமீட்டர். அதில் பள்ளிக்கரணை எங்கே தெரியப்போகிறது? பரப்பு கூட்டும் ஒவ்வொரு வரியிலும் சென்டினலுக்கு 10, லேண்ட்சாட்டுக்கு 30 என்று கையால் எழுதுங்கள். குறுஅலைப் பேண்டு சேர்ந்த குறியீடு என்றால் சென்டினலிலும் உண்மையான நுணுக்கம் 20 மீட்டர்தான்.

‘பிக்சல்கள் மிக அதிகம்’ என்ற பிழை வந்ததும் பலர் ‘பெஸ்ட் எஃபர்ட்’ என்பதை இயக்கிவிடுவார்கள். பிழை போய்விடும், கூடவே உங்கள் 10 மீட்டரும் போய்விடும், எதற்கு மாறியது என்று சொல்லாமலே. அதற்குப் பதில் ‘மேக்ஸ் பிக்சல்ஸ்’ எண்ணைக் கூட்டுங்கள்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பரப்பு தவறினால் ஆயத்தொலைவு முறையைப் பாருங்கள். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் முறையில் சென்னை அட்சரேகையில் பரப்பு 5 சதவீதத்துக்குச் சற்று மேல் ஊதும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு யூடிஎம் (மீட்டரில் அளக்கும் ஆயத்தொலைவு முறை) 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32644. 78 பாகைக்கு மேற்கே உள்ள கோவைக் குளங்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கும் 32643.

மழைக்கும் நீர்ப்பரப்புக்கும் சம்பந்தமே இல்லை என்கிறது கிராஃப்

பெரும்பாலும் மழைத் தரவை ஏற்றியதில் பிழை இருக்கும். கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

அளவு. ஈரா5-லேண்டில் மழை மீட்டரில் வரும். 0.05 என்று கண்டு ‘மழையே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள், அது 50 மில்லிமீட்டர். அதன் மணிவாரித் தரவு இன்னும் ஆபத்து. ஒவ்வொரு மணியிலும் அந்த மணி மழை இருக்காது, நாள் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மழை இருக்கும். 24 மணியையும் கூட்டினால், ஒரே சீராகப் பெய்த நாளில் பன்னிரண்டரை மடங்கு மழை கிடைக்கும். எர்த் எஞ்சினில் மணிக்கணக்காகப் பிரித்த பேண்டு தனியே உண்டு, அதை எடுங்கள்.

தேதி. இந்திய வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது அன்று காலை 8.30-இல் முடியும் 24 மணி நேரத்து மழை. 2015 வெள்ளத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது டிசம்பர் 1-இல். பதிவில் அது டிசம்பர் 2. செயற்கைக்கோள் மழைத் தரவுகள் சர்வதேச நேரப்படி நாளைப் பிரிக்கும், அது நம் காலை 5.30. இரண்டையும் நாள்வாரியாக ஒட்டினால் ஒரு நாள் சறுக்கும். சிர்ப்ஸ் என்ற மழைத் தரவோ அடிப்படையில் ஐந்து நாள் தொகுப்பு. அதன் நாள்வாரி எண்கள் பின்னால் பிரித்துக் கொடுத்தவை. புயல் நாளை அதில் தேடாதீர்கள். ஐந்து நாள் அல்லது மாதக் கணக்குக்கு அது நல்லது.

கட்டம். வானிலைத் துறையின் கட்டத் தரவு 0.25 பாகை, ஒரு பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். பள்ளிக்கரணைக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். ஈரா5-லேண்டில் கடல் கட்டங்கள் வெற்று. உங்கள் எல்லைக்கு ‘தரவில்லை’ என்று வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அருகில் மேற்கே உள்ள நிலக் கட்டத்தை எடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டவில்லையா? அப்படியானால் மழையை ஏரியின் தலைக்கு மேல் அளந்துகொண்டிருக்கிறீர்கள். ஏரிக்கு வரும் தண்ணீர் மேலே உள்ள ஏரிகள் நிறைந்து கலங்கல் வழிந்த பிறகு வருவது. வறண்ட ஆண்டில் மேலேரிகளே முதல் மழையைக் குடித்துவிடும், பள்ளிக்கரணைக்குச் சொட்டு வராது. நனைந்த ஆண்டில் அதே அளவு மழை வெள்ளமாகும். நீர்ப்பிடிப்பு முழுவதற்குமான மழையை எடுத்து 15, 30, 60, 90 நாள் என்று கூட்டி, ஒவ்வொன்றோடும் நீர்ப்பரப்பை ஒப்பிடுங்கள். எந்த நாள் கணக்கில் உறவு இறுகுகிறதோ அதுவே அந்த ஏரியின் குணம்.

வெளியேறும் வழியும் உண்டு. பள்ளிக்கரணை நீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரவேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் சுமாரான மழைக்கே நீர் தேங்கும், திறந்திருந்தால் பெரிய மழையும் வடியும். நகரக் கழிவுநீரும் உள்ளே வருவதால் மழை இல்லாத கோடையிலும் ஓரளவு நீர் நிற்கும். இந்த மூன்றும் எந்தக் காலநிலைத் தரவிலும் இல்லை. உறவு பலவீனமாக வந்தால், அந்தப் பலவீனத்தையே எழுதுங்கள். அதைச் சரிசெய்யப் போய் மழைத் தரவை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பது கெட்ட பழக்கம்.

‘ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, காலநிலை மாற்றம்’

தொடர் எந்த ஆண்டில் தொடங்குகிறது? சென்டினல் 2 என்றால் 2015. சென்னை வரலாற்று வெள்ளம் கண்ட ஆண்டு. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் பொய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 2015 முதல் 2019 வரை நேர்கோடு போட்டால் எந்த ஏரியும் அழிந்துகொண்டிருப்பதாகத்தான் தெரியும். 2019-இல் தொடங்கினால் எல்லா ஏரியும் பிழைத்து வருவதாகத் தெரியும். முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் ஒவ்வொன்றாக நீக்கிக் கோட்டை மறுபடி போடுங்கள். குறி மாறினால் அந்தக் கோட்டை வெளியிடாதீர்கள்.

ஆண்டு எங்கே தொடங்குகிறது என்பதும் சிக்கல். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வெட்டினால் ஒரே பருவமழையின் நீர் இரண்டு ஆண்டுகளில் பிரிந்துவிடும். ஜனவரி நீர் போன வருடத்து மழையின் நீர். ஜூன் முதல் மே வரை ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழையின் ஏற்ற இறக்கத்தை நீக்கிய பிறகும் ஒரு பகுதியில் நீர் திரும்பவே வராமல் இருந்தால், அதுதான் கவனிக்கவேண்டிய இடம். பெரும்பாலும் அது ஏரி முழுக்கப் பரவி இருக்காது. ஒரு ஓரத்தில், நேர்க்கோட்டு விளிம்போடு, சாலையையோ குப்பைமேட்டையோ ஒட்டி இருக்கும். மழை குறைந்து வற்றும் நீர் நடுவை நோக்கி வளைவாகச் சுருங்கும். மண் கொட்டி நிரப்பிய இடம் மூலைமூலையாக நிற்கும். பிக்சல்வாரி வரைபடத்தைப் பாருங்கள், மொத்த ஹெக்டேர் கிராஃபில் இது தெரியாது.

இரண்டு வரைபடங்களைக் கழித்தால் ஊரே மாறியிருக்கிறது

ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் என்ற நிலவகை வரைபடம் 2020-க்கும் 2021-க்கும் இருக்கிறது. இரண்டையும் கழித்து ‘ஓராண்டில் இழந்த ஈரநிலம்’ என்று போடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு பதிப்பு வழிமுறையில் செய்தவை. வேறுபாட்டில் ஒரு பங்கு வழிமுறையுடையது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் தேசிய ஈரநில வரைபடங்களோடு உங்கள் வரைபடத்தை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை. அதில் 2.25 ஹெக்டேருக்குச் சிறியவை புள்ளியாக மட்டுமே இருக்கும். ஊரணிகள் ‘புதிதாக முளைத்தன’ என்று வந்தால் காரணம் இதுதான்.

விளிம்புக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 100 ஹெக்டேர் ஏரி, சுற்றளவு 5 கிலோமீட்டர். லேண்ட்சாட் விளிம்புப் பிக்சல்கள் சுமார் 167, ஒவ்வொன்றும் 0.09 ஹெக்டேர், மொத்தம் 15 ஹெக்டேர். இவை பாதி நீர், பாதி கரை. படம் அரைப் பிக்சல் தள்ளி விழுந்தாலே இவற்றில் பல கட்சி மாறும். சென்டினலில் அதே விளிம்பு 5 ஹெக்டேர். லேண்ட்சாட்டில் 8 ஹெக்டேர் குறைந்தது என்பது செய்தியல்ல.

தீர்வு களச் சோதனைதான், அதிலும் ஒரு முறை உண்டு. செயற்கைக்கோள் கடந்த நாளுக்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் போங்கள். சென்டினல் 2 நம் மேல் காலை பத்தரை வாக்கில் கடக்கும், முகத்துவாரப் பகுதி என்றால் அந்த நேரத்து ஓதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று ஒரு புள்ளி எடுத்து ‘நீர்’ என்று எழுதினால் அது பாதிக் கரை. நாலாபக்கமும் 30 மீட்டருக்கு ஒரே மாதிரி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செல்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலும் பிக்சல் மாறாது. உள்ளே போக முடியாத இடத்துக்குக் கரையிலிருந்து திசையோடு ஒரு புகைப்படம் போதும். நீர், நிலம் என்று மட்டும் எழுதாமல் தாவரப் பெயரையும் எழுதுங்கள்: சம்பா, ஆகாயத்தாமரையா, கருவேலா. அங்கே மீன் பிடிப்பவரிடமோ மாடு மேய்ப்பவரிடமோ இந்த இடத்தில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்று கேட்டுவிடுங்கள். மாதவாரி கிராஃபைச் சரிபார்க்க அதைவிட நல்ல தரவு பெரும்பாலும் கிடைக்காது.